சாமியறையில் வைத்த மருந்து

1

ஆக்லாந்தில் ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தை முடியப்போகும் நேரம். மிச்சமிருந்த முளைக்கீரையைப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. ஊரில் இன்னும் விடிந்திருக்காது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கீரையைக் கீழே வைத்துவிட்டேன்.

“பாப்பா, நீ அங்க கஞ்சா குடுக்குற வேலை பாக்குறியாமே? பால் ஊத்துறவ கேக்குறா. நெசமா?”

“குடுக்குறதுதாம்மா. ஆனா அது மருந்து.”

“மருந்துன்னா அதுக்கு ஏன் அந்தப் பேரு?”

கீரைக்காரச் சீனப் பெண் கையால் 'வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பால் ஊற்றுகிறவர் முதல் என்னோடு நர்சிங் படித்தவர்கள் வரை ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். பெருமைப்படும்படி எல்லாமே நடக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா அம்மா கரும்பு வெட்டுகிறவர்கள். வெட்டு எங்கே இருக்கிறதோ அங்கே போவார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அரசு விடுதியில் தங்கிப் படித்து, நர்சிங் பட்டம் வாங்கி, சென்னையில் மூன்று வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து, ஆக்லாந்து வந்தேன். இந்த நாட்டில் நர்ஸாகப் பதிவு செய்ய விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ்கள், பயிற்சி வகுப்பு என்று படிப்படியாக ஏற வேண்டும். அதுவரை வயிறு காத்திருக்காது. ஒரு ஏஜென்சியில் கேர்கிவர் வேலை கிடைத்தது. நோயாளிகளின் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது. வென்டிலேட்டர் பார்த்த கைக்கு இது போதாது என்று முதல் மாதம் முழுக்கக் கோபத்தில் இருந்தேன். யாராவது கேட்டால் “நர்ஸ்” என்றுதான் சொல்வேன். சட்டப்படி அப்படிச் சொல்லக்கூடாது என்று பிறகு தெரிந்தது. அதன்பின் எதுவும் சொல்வதில்லை.

2

நான் பார்த்துக்கொண்ட வதனி அக்கா ஆக்லாந்தின் தெற்கு ஓரத்தில், தகனினியில் இருந்தார். எல்லா வீடும் ஒரே சாம்பல் நிறத்தில் புதிதாக முளைத்த குடியிருப்பு. முதல் நாள் இரண்டு முறை தவறான வீட்டுக் கதவைத் தட்டினேன். சரியான வீட்டின் வாசலில் மட்டும் மாவிலைத் தோரணம், அதுவும் பிளாஸ்டிக்.

யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பத்து நான்கு வயது. நரம்புகளின் மேலுறையை உடம்பே தின்கிற நோய் பத்து வருடமாக. கால்கள் இரண்டும் போய்விட்டன. கை விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டு வந்தன. பேச்சுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

“உங்கட பேர் என்ன?”

“பூங்கொடி.”

“வெள்ளைக்காரர் என்னெண்டு கூப்பிடினம்?”

“கோடின்னு கூப்பிடுறாங்க.”

“அப்ப பணக்காரிதான்,” என்றார். “வாங்கோ கோடீஸ்வரி, என்னைத் தூக்கிக் குளிப்பாட்டுங்கோ.”

கணவர் சிவா அண்ணன் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு காலை நான்கு மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார். ஒரே மகள் அபிராமிக்குப் பதினைந்து வயது. பள்ளியில் அவள் 'அபி'. வீட்டிலும் அபி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அம்மா தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் வரும். கோபமாக இருந்தால் பதிலே வராது. எனக்கு இருபத்தேழு வயது. அவள் என்னை 'ஆன்ட்டி' என்றாள். அதை மன்னிக்க எனக்கு நாளாயிற்று.

நோயின் பெயரைவிட அதன் இறுக்கம்தான் அந்த வீட்டை ஆண்டது. காலைத் துடைத்துக்கொண்டிருப்பேன், இரண்டு தொடைகளும் கத்தரிக்கோல் போலச் சட்டென்று மூடிக்கொள்ளும். பிரிக்க முடியாது. ஒருமுறை என் மணிக்கட்டு நடுவில் மாட்டிக்கொண்டது. அந்த மாதிரி நேரங்களில் வதனி அக்கா ஈரத் துவாலையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். மகள் பள்ளிக்குப் புறப்படும் முன் சத்தம் கேட்டுவிடக் கூடாதாம்.

மாத்திரைகள் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். கடைசியில் நரம்பு மருத்துவர் கஞ்சாச் செடியிலிருந்து செய்த, வாய்க்குள் அடிக்கிற ஒரு ஸ்பிரேக்காகச் சுகாதார அமைச்சின் அனுமதிக்கு எழுதினார். கஞ்சா மருந்துச் சட்டத்தை மாற்றப்போகிறார்கள் என்று டிவியில் தினமும் விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது. அனுமதி வந்தது. இவ்வளவு நாள் காத்திருந்த வீட்டில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை. சிவா அண்ணன் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, “கோயில் ஆக்களுக்குத் தெரிஞ்சா எங்களைப் பற்றி என்ன கதைப்பினம்?” என்றார்.

“கதைக்கிறவைக்கும் ரெண்டு சொட்டு விடுங்கோ, பேசாமல் இருப்பினம்,” என்றார் வதனி அக்கா.

3

ஸ்பிரேயை அழுத்த அவர் விரல்களால் முடியாது. கணவர் வீட்டில் இருப்பதில்லை. மகள் சிறுமி. அதனால் ஏஜென்சி ஒரு வழி சொன்னது: ஒரு கேர்கிவரைப் பெயர் குறிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். மருந்துக்கடையில் கையெழுத்திட்டு வாங்குவதும், பூட்டிய பெட்டியில் வைப்பதும், காலையும் மாலையும் அளவாகக் கொடுத்துக் குறிப்பேட்டில் எழுதுவதும் அந்த ஒருவர்தான். சட்டத்தில் இப்படியொரு பதவி கிடையாது. ஏஜென்சி தன் பாதுகாப்புக்காக ஏற்படுத்தியது. ஆனாலும் பெயர் மூன்று இடத்தில் ஏறும்: ஏஜென்சியின் கோப்பில், மருத்துவரின் திட்டத்தில், மருந்துக்கடையில்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் மெலே, டோங்கா நாட்டுப் பெண். நல்ல மனுஷி. படிவத்தை என் முன்னால் தள்ளி, “உன்னைவிடத் தகுதியானவர் யார் இருக்கிறார்கள்? நீ நர்ஸ் இல்லையா?” என்றார். இந்த நாட்டில் என்னை நர்ஸ் என்று முதலில் சொன்னவர் அவர்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் படிவத்தின் மூன்றாவது வரியில் அந்தச் செடியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே என் பெயருக்கான கோடு. படித்துவிட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் பயந்த காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. என்றாலும் சொல்கிறேன். நான் பத்தாவது படிக்கும்போது, பேருந்து நிலையத்தில் நண்பனுக்காக நின்றிருந்த என் அண்ணனைப் போலீஸ் அழைத்துப் போனது. அவனுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவை வரச் சொல்லி ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். பையனை வீட்டுக்கு அனுப்பத்தான் தாள் என்று அப்பா நினைத்தார். அவன் பையிலிருந்து கஞ்சாப் பொட்டலம் எடுத்ததைத் தாம் நேரில் பார்த்ததாக அதில் எழுதியிருந்தது. பெற்ற மகனுக்கு எதிராக அப்பாவே சாட்சி. வக்கீல் வீட்டு வாசலில் நின்று அந்த நகலை உரக்கப் படித்துக் காட்டியது நான்தான். படித்து முடித்ததும் அப்பா தன் கட்டை விரலைப் பார்த்தார். அண்ணன் ஏழு மாதம் உள்ளே இருந்தான். வழக்கு ஒன்றுமில்லை என்று ஆக நான்கு வருடம் ஆனது. அவனுக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணுக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள்.

அன்றிலிருந்து பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காமல் விடமாட்டேன்.

படிவத்தை அண்ணனுக்குப் போனில் தமிழாக்கிச் சொன்னேன்.

“போடாத பாப்பா.”

“படிச்சுட்டேன்ணா. ஒண்ணும் தப்பா இல்ல.”

“படிச்சுட்டும் போடாத. நாளைக்கு உன் விசாவ பாக்குறவன் அந்தப் பேரத்தான் பாப்பான். உன் பேரப் பாக்கமாட்டான்.”

அவன் சொன்னது தவறு என்று எனக்கு நிரூபிக்கத் தெரியவில்லை. நர்ஸ் பதிவு விண்ணப்பத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள் உண்டு: வழக்கு உண்டா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா, மருந்துகள் தொடர்பாக எப்போதாவது விசாரணை உண்டா. அதுவரை எல்லாவற்றிலும் 'இல்லை' என்று குறித்து வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் காலை வதனி அக்காவின் வாயிலிருந்த துவாலையை எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். “ஒண்டுமில்லை, துவாலை எண்டு நினைச்சு என்னையே கடிச்சுப் போட்டன்,” என்றார். அபி வாசலில் நின்று பார்த்துவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

அன்று மதியம் கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர், அப்பா பெயர் சேர்த்து. அண்ணனிடம் ஒரு வாரம் சொல்லவில்லை.

4

முதல் தடவை அடிக்கும் முன் அளவு எழுதிய தாளை இரண்டு முறை படித்தேன். கன்னத்தின் உட்புறம் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. வதனி அக்கா வாயை மூடி யோசித்தார்.

“கஞ்சா எண்டாங்கள். இது பற்பசை மாதிரியெல்லோ கிடக்கு.”

“தலை சுத்துதாக்கா?”

“சுத்தேல்லை. காசு குடுத்தும் சுத்தாட்டி என்னத்துக்கு?”

அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரண்டு வாரத்தில் பலன் தெரிந்தது. வலி போகவில்லை. ஆனால் தொடைகள் மூடிக்கொள்வது குறைந்தது. துவாலை காய்ந்தே கிடந்தது. ஒரு நாள் குளிப்பாட்டி முடிக்கும்வரை அவர் சினிமாக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவையும் நிறுத்தவில்லை. கதை எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கேட்டேன்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. மருந்துக்கடையில் சின்னக் குப்பியை வாங்கிப் பைக்குள் வைத்த நொடியிலிருந்து, தகனினிக்கு நெடுஞ்சாலையில் காரோட்டும் நேரம் முழுக்க, பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மருத்துவரின் கடிதத்தின் நகல் ஒன்று பையில், ஒன்று காரில், ஒன்று என் அறையில். ஒருமுறை பின்னால் போலீஸ் கார் வந்தது. விளக்கு எதுவும் போடவில்லை, என்னை முந்திக்கொண்டு போய்விட்டது. அடுத்த வெளிவழியில் இறங்கி ஒரு பெட்ரோல் நிலையத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனேன்.

பெட்டியை எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. அந்த வீட்டில் பூட்டுகிற அறை ஒன்றுதான். துணி அலமாரிக்கென்று கட்டிய சின்ன அறையைச் சாமியறையாக்கியிருந்தார்கள். சிவா அண்ணன் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பெட்டியை வைத்தார். “வாற ஆக்கள் கும்பிடுவினம், கிண்ட மாட்டினம். அபியும் இந்தப் பக்கம் வாறதில்லை,” என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. பெட்டிச் சாவி ஒன்று எனக்கு, வாரக் கடைசிக்கு ஒன்று அவருக்கு. அவர்கள் சாவியைத் திறப்பு என்பார்கள். “திறப்பு பத்திரம், தங்கச்சி.” நான் அதைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன்.

மெலே வந்து பெட்டியைப் பார்த்தார். சுற்றிலும் சாமி படங்களைப் பார்த்தார். “இவ்வளவு காவலா!” என்று சிரித்துவிட்டு, 'இடம் பாதுகாப்பானது' என்று குறித்துக்கொண்டு போனார்.

ஒருவர் மட்டும் எதையும் சொல்லவில்லை. அது வதனி அக்கா. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

5

மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தூரம் வந்துவிட்டது.

நான் அறிவியல் படித்தவள். அந்த மூன்று நாளில் உடம்புக்குள் நடப்பதைப் படம் வரைந்து விளக்கிப் பரீட்சையில் மதிப்பெண் வாங்கியவள். விடுதியில் மற்றப் பெண்கள் ஒதுங்கி உட்கார்ந்தபோது சிரித்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சாமியறை வாசலில் என் கால் நின்றுவிட்டது. அது என் வீட்டுச் சாமியாக இருந்திருந்தால் போயிருப்பேனோ என்னவோ. இன்னொருவர் வீடு. வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிற வீடு. தெரிந்துகொண்டே உள்ளே போனால் அவர்களுக்குத் துரோகம் செய்வது போல இருந்தது. வதனி அக்காவிடம் கேட்டிருக்கலாம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அபி அடுப்படியில் நூடுல்ஸ் செய்துகொண்டிருந்தாள். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினேன்.

“அபி, அந்தக் குப்பிய மட்டும் எடுத்துட்டு வந்து தர்றியா? நான் உள்ள போகக்கூடாது.”

“வொய்?” என்றாள். பிறகு அவளே புரிந்துகொண்டு கண்ணை உருட்டினாள். “ஓ மை காட், ஆன்ட்டி.” எடுத்து வந்தாள். ஸ்பிரே அடித்தேன், குறிப்பேட்டில் எழுதினேன், குப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தந்தாள்.

பதினெட்டு வயதுக்குக் கீழான எவர் கையிலும் சாவியைத் தரக்கூடாது என்பது நான் கையெழுத்துப் போட்ட படிவத்தில் ஐந்தாவது வரி. புதன், வியாழன் இரு வேளையும் இப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு வந்து நானே உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

பெட்டி காலியாக இருந்தது.

பிள்ளையார் படத்தின் பின்னால், விளக்குத் தட்டுக்குக் கீழே, கற்பூர டப்பாவுக்குள்கூடத் தேடினேன். இல்லை. அபி பள்ளிக்குப் போயிருந்தாள். வதனி அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தகனினி ரயில் நிலையத்துக்குப் பின்னால் பள்ளிச் சட்டையோடு புகைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளை முந்தைய வாரம் பார்த்திருந்தேன். அவர்கள் நடுவில் அபி இல்லை. ஆனால் இப்போது மனதுக்குள் அவளையும் அங்கே நிற்கவைத்துவிட்டேன். பள்ளியில் அவள் பையைச் சோதிக்கிறார்கள். போலீஸ் வருகிறது. சாவி யார் கொடுத்தது என்று கேட்கிறார்கள்.

அடுத்து நான் செய்தது சரியில்லை. அந்தப் பிள்ளையின் அறைக்குள் போய் மேசை இழுப்பறை, தலையணை உறை, துணிகள் எல்லாவற்றையும் தேடினேன். அண்ணனைப் பிடித்த பிறகு எங்கள் குடிசையை இப்படித்தான் கலைத்தார்கள். தேடிக்கொண்டிருக்கும்போது அது நினைவுக்கு வந்தது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

“பூங்கொடி!” என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. “என்ர பிள்ளையின்ர அறைக்குள்ள என்ன தேடுறீங்கள்?”

போய் நின்றேன்.

“இங்க வாங்கோ. தலையணையைத் தூக்குங்கோ.”

குப்பி அங்கே இருந்தது.

6

“நான்தான் அபியட்டைச் சொன்னனான், இங்க வைச்சிட்டுப் போ எண்டு. அவளை ஏசாதேங்கோ,” என்றார். நாக்கு சற்றுத் தடித்திருந்தது.

“எத்தனை தடவை அடிச்சீங்கக்கா? எப்படி அடிச்சீங்க?”

மடங்கிய இரண்டு கைகளின் மணிக்கட்டுகளுக்கு நடுவில் குப்பியை இறுக்கி, கட்டில் கம்பியில் அழுத்தி அடித்திருக்கிறார். பாதி முகத்தில் பட்டிருக்கிறது. நேற்று மதியம் முழுக்க முயற்சி, இன்று விடியற்காலையில் மறுபடியும். இடையில் மாலை வேளைக்கு அபி, நான் பார்க்காதபோது, தலையணை அடியிலிருந்தே எடுத்துத் தந்திருக்கிறாள்.

“நாலோ அஞ்சோ உள்ள போயிருக்கும். எண்ணேல்லை.”

நாடி பார்த்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன். குறைந்திருந்தது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

“என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா. மதியத்துக்கும் வேணும்னா டாக்டர்கிட்ட பேசியிருப்பேன்ல?”

“கேக்கிறதோ?” அவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. “என்ர நோய். என்ர பேரில எழுதின மருந்து. என்ர வீடு. திறப்பு உங்கட கழுத்தில, மற்றது இவற்ற பொக்கற்றில. எங்க வைக்கிறதெண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. வாயைத் திற எண்டால் திறக்கிறன், மூடு எண்டால் மூடுறன். நீங்கள் பயந்து பயந்து அந்தப் பூட்டை ரெண்டு தரம் இழுத்துப் பாக்கேக்கை நான் ஏதோ களவெடுக்கப்போற ஆள் மாதிரிப் படுத்துக்கிடக்கிறன். சரி, களவே எடுப்பம் எண்டு எடுத்தன்.”

நான் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது எனக்கே தெரியாது.

உடனே மருத்துவரின் பிரிவுக்குப் போன் செய்து, கூடுதலாக ஸ்பிரே அடித்துக்கொண்டதைச் சொல்லி, என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டேன். அன்று முழுக்கத் தனியே விடாதே, தண்ணீர் கொடு, அளவை நாளை பார்க்கலாம் என்றார்கள். அதுவரை சுலபம். அடுத்தது குறிப்பேடு.

வதனி அக்கா என் கையைப் பார்த்தார். “எழுதாதேங்கோ, தங்கச்சி. எழுதினா மருந்தை நிப்பாட்டிப் போடுவாங்கள். நான் திரும்ப அந்தத் துவாலையைக் கடிக்க ஏலாது.”

அதற்கு வழியும் எனக்குத் தெரியும். புதிதாகக் குப்பியைத் திறக்கும்போது இரண்டு மூன்று முறை வெறுமனே அடித்துப் பார்ப்பது உண்டு. 'குப்பி அடைத்துக்கொண்டது, சோதனைக்கு அடித்தேன்' என்று ஒரு வரி போட்டால் கணக்கு நேராகிவிடும். மருத்துவரின் பிரிவில் பேசியவர் என் பெயரைக்கூடச் சரியாகக் குறித்திருக்க மாட்டார். வதனி அக்காவுக்கு மருந்து நிற்காது. எனக்கு விண்ணப்பத்தின் அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருக்கும். ஒரு வரிதான். பேனாவைத் திறந்துகொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு தாள் பொய் சொன்னதால் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். இப்போது எழுதுகிற இடத்தில் நான் இருக்கிறேன். உண்மையைச் சொன்னால், உள்ளதை எழுதியது துணிச்சலால் அல்ல. பொய்யை எழுதிவிட்டு அதற்குக் கீழே அப்பா பெயரோடு கையெழுத்துப் போட என் கை வரவில்லை. அவ்வளவுதான்.

“எழுதுறேன்க்கா,” என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அபி நான்கு மணிக்கு வந்தாள். அவள் அறையைக் கலைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கதவில் சாய்ந்துகொண்டு, ஆச்சரியமாக, தமிழில் பேசினாள்.

“அண்டைக்கு எனக்கும் பீரியட்ஸ்தான், ஆன்ட்டி. நீங்க கேக்கேல்லை.”

கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த வதனி அக்காவின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். சிரிப்புத்தான்.

7

மெலே அறிக்கையை மேசையில் வைத்து மூன்று முறை படித்தார்.

“எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நான்கு அடி எடுத்து வைத்தால் உள்ளே. நீ ஏன் போகவில்லை?”

சொன்னேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. அவர் தலையசைத்தார். “எங்கள் பக்கமும் இப்படிச் சில உண்டு,” என்றார். பிறகு பேனாவை எடுத்து, “கலாசாரக் காரணம் என்று போட்டுவிடுகிறேன். அப்படிப் போட்டால் உன்மேல் கடுமையாகப் போக மாட்டார்கள்,” என்றார்.

அது உதவிதான். ஆனால் எனக்கு உறைத்தது. என் அம்மா எழுத்துத் தெரியாதவள். மழை நாளில் கரும்புச் சோகைக்குள் எங்களைப் பெற்று எடுத்துவிட்டு மறுவாரம் வெட்டுக்குப் போனவள். அவளுக்குத் தூரமும் தீட்டும் பார்க்க நேரம் இருந்ததில்லை. இது அவளிடமிருந்து வந்தது என்று ஒரு ஏஜென்சியின் கோப்பில் எழுதிவைக்க எனக்கு விருப்பமில்லை.

“வேண்டாம். கேட்க வெட்கப்பட்டேன், விதி தெரிந்தும் சாவியைக் கொடுத்தேன் என்று போடுங்கள்.”

“கோடி, இது உன் பதிவைத் தொடும்.”

“தெரியும்.”

இரண்டு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்த இரண்டு வாரம் ஏவன்டேல் அறையில் படுத்து, ரயில் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தபால் பெட்டியைக் காலையில் பார்ப்பேன். தபால்காரர் வராத ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பேன். அண்ணனுக்குச் சொன்னேன். நான் சொன்னேனே என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். “சாப்பிட்டியா?” என்று கேட்டான். பிறகு, “உள்ளத எழுதியிருக்க. எனக்கு அப்படி எழுத அன்னைக்கு ஒரு ஆள் இல்ல,” என்றான். டீக்கடையில் யாரிடமோ தங்கையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதில்தான் செய்தி பால் ஊற்றுகிறவர் வீட்டுக்குப் போயிருக்கிறது.

ஏஜென்சி எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தது. மருத்துவர் மருந்தை நிறுத்தவில்லை. மதிய வேளையை எல்லோரும் மறந்துவிட்டோம் என்று சொல்லி, மதியத்துக்கும் ஒரு அளவு எழுதினார். பெட்டி சாமியறையிலிருந்து வதனி அக்காவின் கட்டிலருகே வந்தது. சாவி கிடையாது. எண் பூட்டு. எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் அவர். சிவா அண்ணனுக்கும் எனக்கும் தெரியும், ஆனால் வதனி அக்கா விழித்திருக்கும்போது திறப்பது அவர்தான் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அபிக்குத் தெரியாது. “தெரிஞ்சாலும் எனக்கென்ன, ஆன்ட்டி, டேஸ்ட் படு மோசம்,” என்றாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வதனி அக்கா கேட்டுவிட்டார். அம்மாவின் முகத்தில் பட்டதைத் துடைத்துவிட்ட விரலை நக்கிப் பார்த்தாளாம். அதையும் மெலேயிடம் சொன்னேன். “போதும் கோடி,” என்றார் மெலே.

நர்ஸ் பதிவு விண்ணப்பத்தின் அந்தப் பக்கத்தில், மருந்துகள் தொடர்பான விசாரணை பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தேன். கீழே விளக்கம் எழுத நான்கு கோடு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு தாள் ஆனது. எச்சரிக்கைக் கடிதத்தின் நகலையும் இணைத்து அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. என் விசாவில் ஐந்து மாதம் இருக்கிறது. அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் முழுப் பதில். அம்மாவுக்கு இதை அண்ணன் மகள் படித்துக் காட்டட்டும். இரண்டாவது படிக்கிறாள்.

இன்று காலை வதனி அக்கா கேட்டார்.

“கடிதம் வந்ததோ?”

“இல்லக்கா.”

“தரமாட்டம் எண்டு சொன்னால்?”

“விசா இருக்கிறவரைக்கும் இங்க வருவேன். அப்புறம் ஊருக்குத்தான்.”

“எழுதாமல் விட்டிருக்கலாம் எண்டு நினைக்கிறனீங்களோ?”

நினைக்கிறேன். வாரத்தில் மூன்று நாளாவது நினைக்கிறேன். அதை மறைக்காமல் சொன்னேன்.

“நானும்தான் நினைச்சனான், முதல் வாரம். உங்களை நல்லா ஏசினனான், மனசுக்குள்ள,” என்றார். பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுக்கச் சொன்னார். மடங்கிய விரலின் முட்டியால் பூட்டின் முதல் எண்ணைத் திருப்பினார். இரண்டாவதைத் திருப்பினார். மூன்றாவதில் முட்டி வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. என் கை தானாக முன்னே போனது.

“விடுங்கோ,” என்றார்.

விட்டேன்.